காதுக்குள் அடிக்கும் நாடி: எப்படி இயங்குகிறது?

காது இரைச்சலில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இடைவிடாமல் ‘குய்ங்’ என்று கேட்பது. வெளியே அப்படி ஒரு சத்தமே இருக்காது. கேட்கும் நரம்பும் மூளையும் சேர்ந்து உண்டாக்கும் உணர்வு அது. இன்னொன்று நாடித்துடிப்போடு சேர்ந்து ‘உஷ்… உஷ்…’ என்றோ ‘டும்… டும்…’ என்றோ கேட்பது. மாடிப்படி ஏறினால் வேகமெடுக்கும், படுத்து ஓய்ந்தால் நிதானமாகும். இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் மெய்யான சத்தம். உடம்புக்குள் ஓரிடத்தில் ரத்தம் ஓடும் ஓசை காதை எட்டுகிறது. சிலருக்கு மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலோ காதுக்குப் பின்னாலோ வைத்தால் அவருக்கும் அதே சத்தம் கேட்கும்.

முடக்குவாதம், லூபஸ், தைராய்டு, குடல் அழற்சி, ரத்தக்குழாய் அழற்சி என்று தன்னெதிர்ப்பு நோய்களோடு வாழ்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய்கள் இவை. மூட்டு வலியும் காய்ச்சலும் களைப்பும் முன்னே நிற்பதால் காதின் துடிப்பைப் பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. வீட்டில் சொன்னாலும் “காது இரையுது, குளிர்ச்சியா ஏதாவது சாப்பிட்டிருப்பே” என்று முடித்துவிடுகிறார்கள். முடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. சத்தம் மெய்யானால் அதற்குப் பிறப்பிடம் உண்டு. பிறப்பிடம் தெரிந்தால் பல நேரம் மருந்தும் உண்டு.

எங்கே பிறக்கிறது, எப்படிப் பிறக்கிறது என்பதைச் சமையலறைக் குழாயடியில் நின்றே புரிந்துகொள்ளலாம்.

சத்தமில்லாத ஓட்டமும் சத்தமுள்ள ஓட்டமும்

சமையலறைக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். தண்ணீர் மெல்லிய இழையாக இறங்கும். பாத்திரத்தில் விழும் ஓசையை விட்டுவிட்டுக் குழாய்க்குள்ளே மட்டும் காது கொடுங்கள். ஒன்றும் கேட்காது. இன்னும் திருகினால் ஓர் அளவுக்கு மேல் குழாய் சீறத் தொடங்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் குழாயின் வாயில் உப்புப் படிந்திருந்தால் பாதி திறக்கும்போதே சீறும்.

தண்ணீர் அடுக்கடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடும்வரை சத்தமில்லை. அந்த அடுக்குகள் குலைந்து சுழல்கள் உண்டாகும்போது குழாயின் சுவர் அதிர்கிறது. அந்த அதிர்வே நாம் கேட்கும் சத்தம். 1883இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் சாயத்தை விட்டு இதைக் கண்ணாலேயே காட்டினார். வேகம் குறைவாக இருந்தபோது சாயம் ஒரே கோடாக ஓடியது. வேகம் கூடியதும் கலங்கிப் பரவியது. கலங்குமா கலங்காதா என்பதைத் தீர்மானிப்பவை நான்கு: நீர்மத்தின் வேகம், குழாயின் அகலம், நீர்மத்தின் அடர்த்தி, அதன் பிசுக்கு.

பிசுக்கு என்ன செய்யும் என்று பார்க்க, கேழ்வரகுக் கூழை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுங்கள். சத்தமில்லாமல் இறங்கும். அதே உயரத்திலிருந்து நீராகாரத்தை ஊற்றினால் தெறித்துச் சலசலக்கும். நீர்த்தது எதுவோ அது எளிதில் கலங்கும்.

இப்போது சமையலறைக் குழாய்க்குத் தண்ணீர் மேல்தொட்டியிலிருந்து வராமல், நிமிடத்துக்கு எழுபது முறை அழுத்தி அழுத்தித் தள்ளும் ஒரு பம்பிலிருந்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தள்ளலின்போதும் வேகம் எல்லையைத் தாண்டும், குழாய் சீறும். இரண்டு தள்ளலுக்கு நடுவே வேகம் தணியும், சீறலும் அடங்கும். காதுக்குள் கேட்பது விட்டுவிட்டு, நாடியோடு ஒத்துக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தப் பம்பு இதயம். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அது தள்ளுகிறது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளைக்கு அதில் முக்கால் லிட்டர் போகிறது. மூளைக்குப் போகும் பெரிய குழாயான கழுத்துத் தமனி, காதைச் சுற்றியுள்ள எலும்புக்குள் புகுந்து, காக்லியா என்னும் கேட்கும் உறுப்பின் பக்கமாக வளைந்து போகிறது. மூளையிலிருந்து திரும்பும் கழிவுக் குழாயான பெரிய சிரை காதுக்குப் பின்னால் இறங்கி, நடுச்செவியின் தரைக்குக் கீழே குமிழாக விரிந்து கழுத்துக்குள் போகிறது. நடுவே மெல்லிய எலும்புச் சுவர் மட்டும்தான். இவ்வளவு அருகில் இவ்வளவு ரத்தம் ஓடியும் நமக்கு ஒன்றும் கேட்காமலிருப்பதற்குக் காரணம் ஓட்டம் சீராக இருப்பது. அந்தச் சீர் குலையும் வழிகளில் அழற்சி நோய்கள் பலவற்றைத் தொடுகின்றன.

குழாய் குறுகினால்

1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகாயாசு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் வழக்கத்துக்கு மாறாக வளையமிட்டுப் பின்னியிருந்ததை மருத்துவர் மாநாட்டில் விவரித்தார். ஓனிஷி, ககோஷிமா என்ற இரு மருத்துவர்கள் தங்களிடம் வந்த நோயாளிகளின் கண்ணிலும் இதேபோல் இருந்ததாகவும் அவர்கள் கையில் நாடி கிடைக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடியும் அதன் பெரிய கிளைகளும் அழற்சியால் தடித்துக் குறுகும் நோய் அது. உப்புப் படிந்த குழாய்போல, குறுகிய இடத்தில் ஓட்டம் கலங்கிச் சீறும். ‘நாடியில்லா நோய்’ என்று பிறகு ஒரு பெயர் வந்தது. தகாயாசு நோய் என்ற பெயர் நிலைத்தது.

உலகம் முழுவதும் இது அரிது. ஆனால் ஆசியாவில், இந்தியாவில், மற்ற இடங்களைவிட அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலும் நாற்பது வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு வருகிறது. ஜப்பானில் பெருநாடியின் வளைவும் கழுத்துக் கிளைகளும் பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன. இந்தியாவில் வயிற்றுப் பெருநாடியும் சிறுநீரகத் தமனிகளும் அடிபடுவது அதிகம். அதனால் இங்கே நோய் சில நேரம் இளவயதிலேயே வரும் ரத்த அழுத்தமாக வெளிப்படுகிறது. கழுத்துத் தமனி குறுகியவர்களுக்குக் காதுத் துடிப்பு, தலைசுற்றல், கழுத்தைத் தொட்டால் வலி, பார்வை மங்குதல் ஆகியவை வரலாம். கைக்குப் போகும் தமனி குறுகியவர்களுக்குத் துணி பிழியும்போதும் தலை வாரும்போதும் கை சீக்கிரம் ஓய்ந்துபோகும்.

தமிழ்நாட்டில் இந்த நோயில் நெடுநாள் அனுபவமுள்ள இடம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. நோய் இப்போது தீவிரமாக இருக்கிறதா, அடங்கியிருக்கிறதா என்பதை மதிப்பெண்ணாகக் கணக்கிடும் ஓர் இந்திய முறையை, வேலூர் மருத்துவர் தேபாசிஷ் தண்டாவும் லக்னோவின் ரம்நாத் மிஸ்ராவும் மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கி 2013இல் வெளியிட்டார்கள். ஐடாஸ் 2010 என்பது அதன் பெயர். அண்மை மாதங்களில் புதிதாக நாடி குறைந்ததா, கழுத்தில் புதிதாகச் சீறல் கேட்கிறதா, கழுத்துத் தமனி வலிக்கிறதா என்பவை எல்லாம் அதில் கணக்கில் வரும். விலையுயர்ந்த எந்திரம் எதுவும் இல்லாமல், விரலும் ஸ்டெதஸ்கோப்பும் பி.பி. கருவியும் கொண்டு பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம் என்பது அதன் சிறப்பு.

உப்புக் குழாயோடு ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அங்கே உப்பு வெளியிலிருந்து வந்து படிகிறது. இங்கே குழாயின் சுவரே வீங்கி உள்நோக்கித் தடிக்கிறது. அதனால்தான் தொடக்கத்திலேயே அழற்சியை அடக்கினால் குழாயைக் காப்பாற்ற முடிகிறது. தழும்பாக இறுகிவிட்ட பிறகு மருந்து மட்டும் போதாமல் போகலாம். பலூன் வைத்து விரிப்பதையும் ஸ்டென்ட் பொருத்துவதையும்கூட, முடிந்தவரை அழற்சி அடங்கிய பிறகே செய்கிறார்கள். தீவிரமாக இருக்கும்போது விரித்தால் திரும்பவும் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

முடக்குவாதமும் லூபஸும் வேறு வழியில் இதே இடத்துக்கு வருகின்றன. பல வருட அழற்சி, தமனிகளில் கொழுப்புப் படிவதை விரைவுபடுத்துகிறது. அதனால் இந்த நோய் உள்ளவர்கள் புகையிலையை விடுவதும் பி.பி., சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைப்பதும் மூட்டுக்கான மருந்து அளவுக்கே முக்கியம்.

ரத்தம் நீர்த்துப்போனால்

அழற்சி நோயாளிகளின் காதுத் துடிப்புக்கு ரத்தசோகை ஒரு காரணமாக இருக்கலாம். எளிதில் கண்டுபிடிக்கக் கூடியதும் அதுவே. சிவப்பணுக்கள் குறைந்தால் ரத்தத்தின் பிசுக்கு குறைகிறது. பிராணவாயு போதவில்லை என்று இதயம் வேகமாகவும் அதிகமாகவும் தள்ளுகிறது. நீர்த்ததும் வேகமெடுத்ததும் ஒன்று சேர்கின்றன. கூழ் ஓடவேண்டிய குழாயில் நீராகாரம் பாய்கிறது. எந்தக் குழாயும் குறுகாமலேயே கழுத்தில் சீறல் கேட்கும்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. அதன்மேல் அழற்சி நோயும் சேர்ந்தால் காரணங்கள் அடுக்கடுக்காக வரும். அழற்சியின்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளை அதிகம் சுரக்கிறது. அது உடம்பில் உள்ள இரும்பைச் சேமிப்பிலேயே பூட்டி வைத்துவிடுகிறது. முருங்கைக்கீரையும் இரும்பு மாத்திரையும் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாததற்கு இது ஒரு காரணம். வலி மாத்திரைகளை நீண்ட நாள் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மூட்டு நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலிக் அமிலம் குறையலாம். பெருங்குடல் அழற்சியில் மலத்தோடு ரத்தம் போகலாம். லூபஸில் சிவப்பணுக்களையே எதிர்ப்பு சக்தி உடைக்கலாம். ‘ரத்தம் கம்மி’ என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை காரணங்கள் இருப்பதால், இரும்பு மாத்திரையை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருப்பது போதாது.

தைராய்டும் இங்கே சேரும். கிரேவ்ஸ் நோய் என்ற தன்னெதிர்ப்பு நோயில் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது. ரத்தம் நீர்க்கவில்லை, குழாய் குறுகவில்லை. பம்பே வேகமெடுத்துவிடுகிறது. படபடப்பு, உடல் மெலிதல், கை நடுக்கம், வியர்வை ஆகியவற்றோடு காதில் துடிப்பும் வந்தால் தைராய்டு பரிசோதனை கட்டாயம்.

கழிவுக் குழாய் நெருங்கினால்

சிங்க்கின் அடியில் உள்ள கழிவுக் குழாய் ஒடுங்கினாலும் சத்தம் வரும். தலைக்குள்ளும் அப்படித்தான். மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகள் காதுக்குப் பின்னால் இறங்குகின்றன என்று பார்த்தோம். மண்டைக்குள் அழுத்தம் கூடினால் அந்தச் சிரை நசுங்கி ஒடுங்கும், அங்கே ஓட்டம் கலங்கும். கழுத்தைத் திருப்பும்போது சத்தம் குறைவதோ மறைவதோ சிரையிலிருந்து வரும் சத்தத்துக்கு ஓர் அடையாளம்.

மண்டைக்குள் அழுத்தம் கூடும் நோய், உடல் எடை மிகுந்த இளம்பெண்களுக்கு அதிகம் வருகிறது. நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று குறைக்கும்போதும் நிறுத்தும்போதும் வரலாம். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளாலும் அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ–யாலும் வரலாம். தலைவலி, குனிந்தால் ஒரு நொடி கண் இருட்டுதல், இரட்டைப் பார்வை ஆகியவை கூட வரும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம். அதனால் காதுத் துடிப்போடு தலைவலியும் இருந்தால், கண் மருத்துவர் விழித்திரையின் நரம்புத் தலையைப் பார்த்து வீக்கம் இல்லை என்று உறுதி செய்யவேண்டும்.

இன்னொரு ஆபத்து, சிரைக்குள்ளேயே ரத்தம் உறைவது. லூபஸ், அதோடு சேர்ந்து வரும் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள், பெசெட் நோய், குடல் அழற்சி நோய்கள் ஆகியவற்றில் ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. பிள்ளை பெற்ற பிறகு அந்த ஆபத்து மேலும் ஏறும். அப்போது உடம்பில் நீர் வற்றுவது தீங்கு செய்யும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் உள்ள வீடுகளில் இதை எடுத்துச் சொல்லவேண்டும். அவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள்.

சன்னலைச் சாத்தினால்

சில நேரம் ஓட்டத்தில் கோளாறே இருக்காது. கேட்கும் பக்கத்தில்தான் மாற்றம். சமையலறையின் சன்னலைச் சாத்தித் தெருச் சத்தத்தை நிறுத்தினால், அதுவரை கேட்காத குழாய்ச் சத்தம் கேட்கத் தொடங்கும். காதில் அழுக்கு அடைத்தாலும், நடுச்செவியில் நீர் கோத்தாலும், மூக்கையும் காதையும் தாக்கும் சில ரத்தக்குழாய் அழற்சி நோய்களில் காதுக் குழல் அடைத்தாலும், வெளிச்சத்தம் குறைந்து உட்சத்தம் ஓங்கும். ஒருக்களித்துப் படுத்துத் தலையணையில் காதை அழுத்தும்போது துடிப்புக் கேட்பதற்கும் இதுவே காரணம். அது மட்டுமே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை.

சிலருக்குப் பெரிய சிரைக்கும் காதுக்கும் நடுவே உள்ள எலும்புச் சுவர் மெலிந்தோ ஓட்டை விழுந்தோ இருக்கும். வழக்கமான ஓட்டமே பலமாகக் கேட்கும். இதை ஸ்கேனில் காணலாம், தேவையானால் அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம். செவிப்பறைக்குப் பின்னால் வளரும் ரத்தக்குழாய்க் கட்டியும், மூளை உறையில் தமனியும் சிரையும் நேராக இணைந்துவிடும் கோளாறும் தன்னெதிர்ப்பு நோயோடு தொடர்பில்லாதவை. ஆனால் அவையும் இதே சத்தத்தைத் தரும். “உனக்கு ஏற்கெனவே லூபஸ் இருக்கு, அதனாலதான்” என்று ஒரு காரணத்தோடு தேடலை நிறுத்தக் கூடாது.

சத்தம் நின்றால் சுகமா?

இங்கே ஒரு பொறி உண்டு. முழுவதும் திறந்த குழாயைத் திருகி மூடத் தொடங்கினால் ஓர் அளவுவரை சீறல் கூடும். முழுவதும் மூடிவிட்டால் சீறல் நின்றுவிடும். தமனி பாதிக்கு மேல் குறுகும்போது சத்தம் பலமாகக் கேட்கும். முற்றிலும் அடைத்துவிட்டால் ஓட்டமே இல்லை, சத்தமும் இல்லை.

ஆகவே சத்தத்தின் பலம் நோயின் அளவுகோல் ஆகாது. ரத்தசோகை உள்ள ஒருவருக்குப் பெரிய சத்தம் கேட்கலாம், ஆபத்து குறைவாக இருக்கலாம். தகாயாசு நோய் உள்ள ஒருவருக்குச் சத்தம் தானாக நின்றுபோகலாம், அது கெட்ட செய்தியாக இருக்கலாம். சத்தம் கூடினாலும் குறைந்தாலும் பக்கம் மாறினாலும், அந்த மாற்றத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தால் நோய் அடங்கி, ஹீமோகுளோபின் ஏறி, சத்தமும் குறைந்தால் அது நல்லது. எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு நாள் சட்டென்று நின்றால் நாடி பார்க்கவேண்டும்.

தேடும் வரிசை

வீட்டில் செய்யவேண்டியது எளிது. சத்தம் கேட்கும்போது மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடியைப் பிடியுங்கள். சத்தமும் நாடியும் ஒத்து அடிக்கின்றனவா என்று பாருங்கள். எந்தக் காது, எப்போது தொடங்கியது, படுத்தால் கூடுகிறதா, கழுத்தைத் திருப்பினால் மாறுகிறதா, தலைவலி உண்டா, எந்த மருந்தைச் சேர்த்த பிறகு அல்லது நிறுத்திய பிறகு வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கழுத்தை நீங்களாக அழுத்திப் பார்க்கவேண்டாம். தமனி குறுகியிருந்தால் அது மூளைக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்கும்.

மருத்துவமனையில் முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் செவிப்பறையைப் பார்ப்பார், கேட்கும் திறனை அளப்பார். கழுத்து, காதுக்குப் பின்புறம், காறையெலும்புக்கு மேற்புறம், வயிறு ஆகிய இடங்களில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கவேண்டும். இரண்டு கைகளிலும் பி.பி. பார்க்கவேண்டும். ரத்த அணு எண்ணிக்கை, இரும்பு, தைராய்டு, சிறுநீரகம், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை ரத்தப் பரிசோதனைகள். இவற்றிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரத்தசோகையே ஈ.எஸ்.ஆரை உயர்த்திக் காட்டும். தகாயாசு நோய் தீவிரமாக இருக்கும்போதும் இரண்டும் சரியான அளவில் இருக்கலாம். அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் ஊசி போடுகிறவர்களுக்கு சி.ஆர்.பி. குறைந்தே இருக்கும், நோய் அடங்கியது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. காகிதத்தில் உள்ள எண் சரியாக இருக்கிறது என்பதற்காக நோயாளியின் சொல்லைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

அடுத்தது படம். கழுத்துத் தமனிக்கு டாப்ளர் ஸ்கேன், தமனிகளையும் சிரைகளையும் காட்டும் சி.டி. அல்லது எம்.ஆர். ஸ்கேன், காது எலும்புக்கு சி.டி. சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் கர்ப்பம் தரித்திருந்தாலும் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடவேண்டும்.

இதற்கெல்லாம் எங்கே போவது? கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் களமருதூர் போன்ற ஊர்களிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டை அரசு மருத்துவமனையும், சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியும் முதல் படி. மூட்டுவாத நோய்களுக்கும் தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் தனித்துறை உள்ள இடங்கள் புதுச்சேரி ஜிப்மர், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குப் பயணமே ஒரு நாளைத் தின்றுவிடும். அதனால் பழைய சீட்டுகள், ஸ்கேன் படங்கள், மருந்துப் பட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோவதும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்வதும் அலைச்சலைக் குறைக்கும்.

அதோடு வாழ்வது

காரணம் தெரிந்து மருந்து தொடங்கிய பிறகும் சத்தம் உடனே போய்விடாது. ரத்தம் ஊற வாரங்கள் ஆகும், தமனியின் அழற்சி அடங்க மாதங்கள் ஆகும். அதுவரை இரவுதான் கடினம். வெளிச்சத்தம் அடங்கியதும் உட்சத்தம் தனியாக நிற்கும். மின்விசிறியோ தணிந்த குரலில் வானொலியோ ஓடட்டும். முழு அமைதியைத் தேடி அறையைச் சாத்திக்கொள்வதும் காதில் பஞ்சு வைப்பதும் சத்தத்தைப் பெரிதாக்கும். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுப்பது சிலருக்கு உதவும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலியும் களைப்பும் கூடுதலாகத் தெரியும், மனமும் சோர்ந்துபோகும். இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இது குறைபாடோ பலவீனமோ இல்லை.

மருந்து விஷயத்தில் மூன்றை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். மூட்டுக்கும் தமனிக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் வலி மாத்திரையை வழக்கமாக்காதீர்கள். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பி.பி.யையும் ஒன்றாகக் கெடுக்கும்.

வீட்டாருக்கும் ஒரு சொல். அவர்கள் காதில் விழாததால் அது இல்லை என்று ஆகிவிடாது. “சும்மா அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே” என்பதைவிட, “வா, நாடியைப் பிடிச்சுப் பாக்கலாம்” என்பது பல மடங்கு உதவும்.

முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், சட்டென்று பார்வை போதல், இதுவரை இல்லாத கடும் தலைவலி, வலிப்பு — இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்குப் புதிதாகத் தலையின் பக்கவாட்டில் வலியும் மெல்லும்போது தாடை வலியும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நம் நாட்டில் அரிதான ஒரு தமனி அழற்சியாக அது இருக்கலாம். தாமதித்தால் கண்ணைப் பறித்துவிடும்.

இரண்டு கையிலும் பாருங்கள்

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று பி.பி. பார்க்கிறார்கள். வழக்கமாக ஒரு கையில்தான் பார்ப்பது. தகாயாசு நோயில் ஒரு கையின் தமனி குறுகியிருந்தால் அந்தக் கையில் பி.பி. குறைவாகவோ சரியாகவோ காட்டும். மறு கையில் உண்மையான உயர் அழுத்தம் மறைந்திருக்கும். 1990இல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கம் வகுத்த அடையாளங்களிலேயே, இரு கைகளுக்கிடையே மேல் அழுத்தத்தில் 10க்கு மேல் வேறுபாடு இருப்பது ஒன்று. 2022இல் வந்த புதிய வரையறையில் அது 20 ஆனது.

நாற்பது வயதுக்கு உட்பட்ட ஒருவருக்குக் காதில் துடிப்போ, காரணமில்லாத உயர் ரத்த அழுத்தமோ, வேலை செய்யும்போது ஒரு கை ஓய்வதோ இருந்தால், அவருக்கு இரண்டு கைகளிலும் பி.பி. பார்க்கவேண்டும். கூடுதல் செலவு எதுவும் இல்லை, ஓரிரு நிமிடம்தான். தன்னார்வலரிடமும் செவிலியரிடமும் மருத்துவரிடமும் இதைத் தயங்காமல் கேளுங்கள். இரண்டு எண்களையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால், கழுத்திலும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டோடு பெரிய மருத்துவமனைக்குப் போகிறவர் தேடலின் பாதி வழியைக் கடந்துவிட்டார்.